இரவுப் பேட்டா

ஓசூர் சிப்காட்டில் எழுநூற்றுப் பன்னிரண்டு பேரின் சம்பளம்
என் விரல் வழியாகத்தான் போகிறது.
ஓவர்டைம் என்றால் இரட்டிப்பு.
கால்மணி நேரம் கூடினாலும் எழுதிக்கொள்வேன்.
பைசா வரை ஒத்துவந்தால்தான்
சாயங்கால டீ தொண்டையில் இறங்கும்.

ராமேஸ்வரம் என்று முடிவானதும்
முனிரத்னாவிடம் சொன்னேன்:
"நீயும் வாயேன், கடல் பார்த்த மாதிரி இருக்கும்."
வேலை என்ற சொல்லை
அந்த வாக்கியத்தில் நான் எங்கும் வைக்கவில்லை.
"எத்தனை ராத்திரிங்க?" என்று மட்டும் கேட்டாள்.
பிறகு, தயங்கி, ஆயிரம் ரூபாய் முன்பணம்.
சங்கு வளையல் வாங்குவாள் போல
என்று நினைத்துக்கொண்டேன்.

அஃப்சர் பாய் சாவியைத் திருப்பும் முன்பே சொல்லிவிட்டார்:
கிலோமீட்டருக்குப் பதினான்கு,
நாள் பேட்டா ஐந்நூறு,
ராத்திரி ஓட்டினால் தனியாக நானூறு.
சரி என்றோம். பேரம்கூடப் பேசவில்லை.
வியாழன் இரவு பத்து மணி.
தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் முனகிக்கொண்டிருந்தபோது
நான் தூங்கிப்போயிருந்தேன்.

ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக் கூப்பன் இரண்டுதான்.
அவளுக்கு எதிர்க்கடையில் இட்லி.
வெள்ளி இரவு இனியனுக்குக் காய்ச்சல்.
விடியும்வரை ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தது
அவள் கை.
சனி இரவும்தான்.
போனில் நூற்று நாற்பது படங்கள்.
ஒன்றிலும் அவள் இல்லை,
எல்லாவற்றையும் எடுத்தது அவள் என்பதால்.
கடல் எப்படி என்று கேட்டேன்.
"நல்லாத்தான் இருந்துச்சு. பையன் தூங்கினப்ப
ஜன்னல்ல பார்த்தேன்."

ஞாயிறு, கிருஷ்ணகிரி டோல் தாண்டி
சூளகிரி சர்வீஸ் ரோட்டில் அவளை இறக்கினோம்.
டீக்கடை வெளிச்சத்தில் ஒரு பெண்
தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.
முனிரத்னாவின் மகள். மூன்று வயது.
என் மகனைவிட ஆறு மாதம் சின்னவள்.
கண்ணாடி இறங்கியிருந்தது, எனக்குக் கேட்டது:
"கெம்பம்மக்கா, மூணு பகலுக்கு அறுநூறு,
மூணு ராத்திரிக்கு முந்நூறு. எண்ணிக்கோ."
எண்ணிக் கொடுத்த பிறகுதான்
மகளை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.
என்னிடம் வாங்கிய ஆயிரத்தில்
நூறு மிச்சம்.

வண்டி நகர்ந்தது.
ஓசூர் வரை நான் பேசவில்லை.

"ரூம், சாப்பாடு எல்லாம் நாமதானே பார்த்துக்கிட்டோம்"
என்றார் இவர்.
கம்பெனி பஸ்ஸில் வருகிறவனிடம்
பயணம் இலவசம் என்று
நான் இதுவரை கூலி பிடித்ததில்லை.
ஒரு தாளை எடுத்தேன்.
மாதம் பதின்மூன்றாயிரம், இருபத்தாறால் வகுத்தால் ஐந்நூறு.
எட்டு மணி நேரம். மிச்சமெல்லாம் இரட்டிப்பு.
வெள்ளியும் சனியும் ஐந்திலிருந்து பதினொன்று வரை.
ஞாயிறு அவளுடைய வார விடுப்பு, பதினான்கு மணி நேரம்.
ஆக நாலாயிரத்து இருநூற்று ஐம்பது.
ராத்திரி இரண்டுக்கு, அஃப்சர் பாய் கணக்குப்படியே, எண்ணூறு.
கெம்பம்மாவுக்கு அவள் கொடுத்த தொள்ளாயிரம்.
கூட்டல் ஐந்தாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.
கீழே கோடு கிழித்து
ஆபீசில் போடுவதுபோல் கையெழுத்தும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை கவரை நீட்டும்போது
என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.
பெரிதாக ஏதோ செய்கிறவளைப் போலத்தான் இருந்திருக்கும்.
அவள் நன்றி சொல்வாள் என்று
கொஞ்சம் காத்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

பணத்தை அப்படியே வைத்துவிட்டுத்
தாளை முதலில் படித்தாள்,
ஒரு விரலை வரிவரியாக இறக்கி.
இனியன் அவள் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தான்.
விரல் ஓரிடத்தில் நின்றது.

"கெம்பம்மக்காவுக்கு மூணு ராத்திரி போட்டிருக்கீங்க.
எனக்கு ரெண்டு."

நான் தாளைப் பார்த்தேன்.

"வியாழக்கிழமை ராத்திரி, வண்டியில.
நீங்க தூங்கிட்டீங்க.
இவன் என் மடியிலதானே இருந்தான்,
மதுரை வரைக்கும் முழிச்சிக்கிட்டு."

பேனாவைத் தேடி எடுத்தேன்.
ஐந்தாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதை அடித்துவிட்டு
ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பது என்று எழுதினேன்.
அடித்த இடத்தில்
ஒரு சின்னக் கையெழுத்து.